குட்டி வருமுன் டாக்டரைப் பாருங்கள்

கேள்வி: குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நானும் மாமியாரும் ஏழாம் வகுப்பு படிக்கிற மகனும்தான் வீட்டில். போன மழைக்காலத்தில் ஒரு லாப்ரடார் நாய்க்குட்டி வாங்கினோம். விற்றவர் 'ஊசி எல்லாம் போட்டாச்சு' என்றார். வந்த பன்னிரண்டாம் நாள் வாந்தி எடுத்தது. பிறகு ரத்தமாக வயிற்றால் போனது. பக்கத்து ஊரில் மாட்டுக்கு ஊசி போடுகிறவர் வந்து இரண்டு நாள் ஏதோ ஊசி போட்டார். மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள் டிரிப் ஏற்றினார்கள். ஆட்டோக் கூலியும் சேர்த்து 9,600 ரூபாய் ஆனது. குட்டி பிழைக்கவில்லை. இப்போது அண்ணன் வீட்டு நாட்டு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. மகன் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? எங்களைப் போல எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் நாய் வளர்க்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செத்துப்போன குட்டியைப் பற்றிப் பேசிவிடுவோம். அது மனசில் கிடந்து உறுத்துகிறவரை அடுத்த குட்டியைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியாது.

நீங்கள் எழுதியிருக்கிற அடையாளங்கள் பார்வோ வைரஸ் நோயினுடையவை. குட்டி முதலில் சோர்ந்து ஒதுங்கும், தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அடுத்து வாந்தி. அதற்கடுத்து அந்த ரத்தக்கழிச்சல். ஒருமுறை அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குப் பிறகு மறக்காது. வைரஸ் குடலின் உள்தோலை அரித்துவிடுகிறது, ரத்தத்திலிருக்கிற வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. உடம்பிலிருந்து தண்ணீர் வற்றிப்போவதாலும், அரித்த குடல் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் ஏறுவதாலும்தான் குட்டி சாகிறது. டிரிப்பும் வாந்தியை நிறுத்துகிற மருந்தும் ஆன்டிபயாடிக்கும் அந்த இரண்டையும் தடுக்கத்தான். முதல் நாளே இவை கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் எழுந்துவிடும். சும்மா விட்டால் பெரும்பாலானவை போய்விடும்.

வைரஸ் உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். சில குட்டிகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். பன்னிரண்டாம் நாள் என்கிறீர்கள். விற்றவரிடமே தொற்றியிருக்கலாம், உங்கள் முற்றத்தில் தொற்றியிருக்கலாம். அதை இனி யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் ஆட்டோ பிடித்தீர்கள், நான்கு நாள் கூடவே நின்றீர்கள், இருந்த பணத்தை எடுத்துப் போட்டீர்கள். உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. போனது அந்த முதல் இரண்டு நாள்தான். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத வீட்டில் எல்லோருக்கும் போகிற இரண்டு நாள் அது. இந்தப் பதில் முழுவதும் அந்த இரண்டு நாளைத் திரும்பப் பிடிப்பது பற்றித்தான்.

'ஊசி எல்லாம் போட்டாச்சு' என்ற சொல்லை இனி யாரிடமிருந்தும் வாயால் வாங்காதீர்கள். அட்டையைக் கேளுங்கள். நாய்க்குப் போடுகிற பலநோய்த் தடுப்பூசி சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். அடியில் வெள்ளையாக ஒரு கட்டி உறைந்திருக்கும். கூடவே வருகிற இன்னொரு குப்பியின் நீரை அதில் விட்டுக் கலக்கித்தான் போடுவார்கள். குப்பி மேல் ஒட்டியிருக்கிற துண்டுச் சீட்டைப் பிய்த்து உங்கள் அட்டையில் ஒட்ட வேண்டும். அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் போட்ட தேதி, அடுத்துப் போடவேண்டிய தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண். இவ்வளவும் இருந்தால்தான் ஊசி போட்டதாகக் கணக்கு. பேனாவால் 'தடுப்பூசி - 1' என்று மட்டும் எழுதிய அட்டையை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரையான குளிரிலேயே இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து டாக்டரிடம், எங்கேயும் அந்தக் குளிர் விட்டுப்போகக் கூடாது. பைக் பெட்டியில் வெயிலில் சுற்றிவந்த குப்பியைப் போட்டால் குட்டிக்கு வலி மட்டும்தான் மிச்சம். ஐஸ் வைத்த பெட்டியிலிருந்து எடுக்கிறாரா, உங்கள் கண்முன்னால் குப்பியை உடைக்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போட வேண்டாம்.

சரி, யார் டாக்டர்? கால்நடை மருத்துவப் படிப்பு என்பது பி.வி.எஸ்.சி. அண்டு ஏ.எச். பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தரை வருடம். படித்து முடித்தபின் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அதைத்தான் சொல்கிறது. டாக்டர் எழுதுகிற மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. நம் கிராமங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள், கால்நடைத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற உதவியாளர்கள், இவர்களெல்லாம் காலம் காலமாக ஓடியோடி உதவுகிறவர்கள். அவர்கள் இல்லையென்றால் பால் மாடு வைத்திருக்கிற பல வீடுகள் திண்டாடிப்போகும். ஆனால் நோய் இன்னதென்று கண்டுபிடிப்பது அவர்கள் படித்த வேலை அல்ல. வாந்தி நிற்கவும் காய்ச்சல் இறங்கவும் ஓர் ஊசி போட்டால் குட்டி அரை நாள் தெளிந்ததுபோல் இருக்கும். நீங்களும் நம்புவீர்கள். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும்.

டாக்டரைத் தேட ஆரம்பிக்கவேண்டிய இடம் உங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரி. போர்டில் 'கால்நடை மருந்தகம்' என்றோ 'கால்நடை மருத்துவமனை' என்றோ எழுதியிருக்கும். நாய், பூனையை அங்கே பார்க்கமாட்டார்கள் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பார்கள். படித்துப் பதிவு செய்த டாக்டர்தான் அங்கேயும் இருக்கிறார். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றே சொல்லலாம். கைவசம் இல்லாத மருந்தை மட்டும் வெளியில் வாங்கச் சொல்வார்கள். காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் டாக்டர் கேஸ் பார்க்க வெளியே போயிருக்கலாம், முகாம் இருக்கலாம். ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும், இலவசமாகப் போடுவார்கள். தேதியை மாட்டாஸ்பத்திரியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குமேல் வேண்டியிருந்தால் நாகர்கோவிலில் அரசின் பெரிய கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. நாய், பூனைக்கென்றே நடத்துகிற தனியார் கிளினிக்குகள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன், பெரிய ஆபரேஷன் என்று வந்தால் இரண்டு வழி. ஒன்று, திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி, 2012-இல் தொடங்கியது. அங்கே எல்லாப் பிரிவு டாக்டர்களும் ஓரிடத்தில் இருப்பார்கள், செலவும் கைக்கு அடங்கும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் என்பதால், ஒரு நாளை ஒதுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இன்னொன்று திருவனந்தபுரம். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக்காரர்கள் மனுசனுக்கு வைத்தியம் என்றாலே களியக்காவிளை தாண்டிப் போய்ப் பழகியவர்கள்தானே. உங்களுக்கு அதுதான் பக்கம். அங்கேயும் அரசு கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது, தனியார் இடங்களும் இருக்கின்றன. 1962 என்ற எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண் அது. பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுகிற வண்டி. உங்கள் பக்கத்தில் நாய்க்கு வருவார்களா என்று ஆபத்தில்லாத ஒரு நாளில் கூப்பிட்டுக் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

இந்தப் பட்டியலிலிருந்து உங்கள் டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நாய் வளர்க்கிறவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். நாலைந்து மாடு வைத்திருக்கிறவர்களிடம் கேளுங்கள், பால் சொசைட்டியில் கேளுங்கள். மாடு ராத்திரி இரண்டு மணிக்குக் கன்று போட முடியாமல் தவித்தபோது யார் போனை எடுத்தார், யார் மழையில் வந்து நின்றார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வருகிற டாக்டர் யாரென்று அங்கே தெரிந்துகொண்டு, 'நாய்க்குட்டி கேஸும் பார்ப்பீர்களா' என்று அவரிடமே கேட்டுவிடலாம். சிலர் பெரிய விலங்குகளோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்போது 'உங்கள் நாயாக இருந்தால் யாரிடம் காட்டுவீர்கள்' என்று கேளுங்கள். ஒரு டாக்டர் அந்தக் கேள்விக்குச் சொல்கிற பெயர் நம்பக்கூடிய பெயர்.

பிறகு ஒருமுறை நேரில் போங்கள். குட்டி வருவதற்கு முன்னாலேயே போகலாம், முதல் ஊசிக்குப் போகும்போதும் பார்க்கலாம். ஓட்டமும் அழுகையும் இல்லாத நாளாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண் நன்றாக வேலை செய்யும். குட்டியை எடை பார்க்கிறாரா? பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் எடைக்குத்தான் அளவு. எடை பார்க்காமல் 'ஒரு மூடி கொடுங்க' என்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறாரா? நல்ல ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஸ் நிறம் ஓடிவரும். கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் சட்டென்று படிய வேண்டும். கூரைபோல நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. இந்த இரண்டையும் டாக்டரைச் செய்துகாட்டச் சொல்லி, உங்கள் கையாலேயே செய்து கற்றுக்கொள்ளுங்கள். மகனுக்கும் சொல்லிக்கொடுங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நன்றாகவே வரும். அடுத்தமுறை போனில் 'நாய்க்கு முடியல டாக்டர்' என்பதற்குப் பதில், 'ஈறு வெளுத்திருக்கு, தோல் படிய மாட்டேங்குது' என்று அவன் சொன்னால் டாக்டருக்கு அவசரம் உடனே புரியும்.

அன்றைக்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'ராத்திரி பத்து மணிக்குப் பாம்பு கடித்தால் நாங்கள் எங்கே வர வேண்டும்?' நம் ஊரில் இது பயமுறுத்தக் கேட்கிற கேள்வி இல்லை. விளையிலும் ரப்பர்த் தோட்டத்திலும் சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும். நாய் மூக்கை நீட்டித்தான் அதைக் கண்டுபிடிக்கும். கடி மூக்கிலோ முன்னங்காலிலோ விழும், ஒரு மணி நேரத்துக்குள் முகம் வீங்கிவிடும். மனிதருக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எந்தக் கிளினிக்கில் அது இருப்பு வைத்திருக்கிறார்கள், ராத்திரி யார் திறப்பார்கள் என்று பகலில் தெரிந்துகொள்ளாதவருக்கு ராத்திரியில் அது தெரியவே வராது. அந்த எண்ணைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் மாமியாருக்கு உதவாது.

இனி பணம்.

'மாதம் எவ்வளவு' என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் விலை மாறுகிறது. நான் ஒரு தொகை எழுதி, அங்கே வேறு சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம். எதற்கெல்லாம் பணம் வேண்டும் என்று சொல்கிறேன். இதை எழுதி எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விலை கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டாக்டர்களான நாங்கள் அதை எதிர்பார்க்கிறோம்.

முதல் வருடம்தான் கனமான வருடம். பூச்சி மருந்து இரண்டு வார வயதில் ஆரம்பித்து, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இது சின்னச் செலவு. பலநோய்த் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடவை. மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகிறவரை திரும்பத் திரும்ப. ஒரே ஊசியை எதற்கு மூன்று தடவை போடுகிறார்கள், காசு பறிக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. தாயின் சீம்பாலில் குட்டிக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது இருக்கிறவரை நாம் போடுகிற ஊசியை அதுவே அழித்துவிடும். அது எந்த வாரம் கரைந்துபோகும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. ஒன்றுக்கு எட்டாம் வாரம், இன்னொன்றுக்குப் பதினான்காம் வாரம். எந்த ஊசி பிடிக்கும் என்று வெளியிலிருந்து தெரியாததால்தான் பதினாறு வாரம் வரை விடாமல் போடுகிறோம். ஒன்றைப் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்களின் குட்டிகள்தான் மறுபடி மறுபடி ரத்தக்கழிச்சலோடு வருகின்றன. உங்கள் லாப்ரடாருக்கும் ஓர் ஊசி உண்மையாகவே போட்டிருக்கலாம். அது மட்டும் போதாமல் போயிருக்கலாம்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பூஸ்டர் எப்போது என்று டாக்டர் சொல்வார். பிறகு வருடம் ஒன்று. இதை மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மற்ற ஊசிகள் குட்டியைக் காக்கின்றன, இது உங்கள் மகனைக் காக்கிறது. ஊசி போட்ட நாயாக இருந்தாலும் சரி, கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம்.

நம் மாவட்டத்துக்கென்றே இரண்டு செலவு கூடுதல். ஒன்று உண்ணி. இங்கே இடவப்பாதியும் பெய்கிறது, ஐப்பசி மழையும் பெய்கிறது. நடுவில் வெயில் இருந்தாலும் காற்றில் ஈரம் விடுவதில்லை. உண்ணிக்கு ஓய்வே கிடையாது. வெளியூர்ப் புத்தகங்களில் கோடைக்கு மட்டும் மருந்து போடச் சொல்லியிருப்பார்கள். நமக்கு வருடம் முழுக்க வேண்டும். உண்ணி கடித்து வருகிற காய்ச்சலில் நாய் சாப்பாட்டை விடும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரலாம், சில வகையில் சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போகும். சீக்கிரம் பிடித்தால் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையுமாக முடிகிற நோய். விட்டால் ரத்தம் ஏற்றுகிற அளவுக்குப் போய், உங்கள் 9,600-ஐத் தாண்டிவிடும். இன்னொன்று எலிக்காய்ச்சல். மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் எலிச் சிறுநீரிலிருந்து நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். தடுப்பூசி வாங்கும்போது எலிக்காய்ச்சலும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். நாட்டு நாய்க்குப் பாக்கெட் தீனி கட்டாயம் இல்லை. உங்கள் பக்கம் சாளை மலிவாகக் கிடைக்கிற நாளில் வேகவைத்து முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், முட்டை கொடுங்கள், உப்பு, மிளகாய், வெங்காயம் வேண்டாம். மீன்காரர் வீசுகிற தலையில் சிலசமயம் தூண்டில் முள் இருக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய செலவு மிச்சம் இருக்கிறது: கருத்தடை. அதைச் செலவு என்று எழுதவே எனக்கு மனமில்லை. அண்ணன் வீட்டில் ஆறு குட்டி என்கிறீர்கள். ஆண் குட்டிகளை யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பெண் குட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கமோ கடற்கரையிலோ விட்டுவிட்டு வருவார்கள். நம் ஊரில் அதுதான் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. முடிந்தால் நீங்கள் பெண் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குமேல் டாக்டர் சொல்கிற நேரத்தில் கருத்தடை செய்துவிட்டால், வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுகிற நோயும் வராது. அந்த நோய்க்கு அவசர ஆபரேஷன் செய்கிற செலவு, கருத்தடைச் செலவைவிடப் பல மடங்கு. நாயும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தாய் நாய்க்கும் செய்துவிடும்படி அண்ணனிடம் சொல்லுங்கள். குட்டிகள் பால் மறந்தபின் செய்யலாம். இல்லையென்றால் அடுத்த ஈற்றில் இன்னும் ஆறு.

இப்போது உங்கள் 9,600 ரூபாயை எடுத்துக்கொள்வோம். அது ஒரே வாரத்தில் வந்ததால்தான் உங்களை அடித்துப் போட்டது. மாதம் 600 ரூபாய் என்று வைத்தால் பதினாறு மாதத்தில் அதே தொகை சேர்ந்துவிடும். என் ஆலோசனை இதுதான்: மேலே சொன்ன தெரிந்த செலவுகளை விலை கேட்டுக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அது ஒரு தொகை. அதே அளவு இன்னொரு தொகையைத் தெரியாத செலவுக்கென்று சேர்த்து வையுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன், தெரியாத செலவுக் கணக்கில் ஐயாயிரமாவது இருக்கட்டும். ஒரு இரவு ஆட்டோவுக்கும் முதல் நாள் டிரிப்புக்கும் அது தாங்கும்.

எங்கே சேர்ப்பது? சீட்டில் போட வேண்டாம். நமக்கு வேண்டிய மாதத்தில் அது நம் கைக்கு வராது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடத்துக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் முடித்துப் பணம் எடுக்க முடியாது, அதனால் இதற்குப் பொருந்தாது. சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே போஸ்ட் ஆபீசில் கணக்குத் தொடங்கி நடத்தலாம். 500 ரூபாய் இருந்தால் போதும். மகன் பெயரில் தொடங்குங்கள். பண்டிகைக்கு மாமாவும் சித்தியும் கொடுக்கிற பணத்தை அவனே போடட்டும். நாய் வளர்ப்பதில் கொஞ்சுவது பாதி, கணக்குப் பார்ப்பது பாதி என்பதை அவன் இந்த வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ராத்திரி அவசரத்துக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாயை வீட்டில் ரொக்கமாக, தடுப்பூசி அட்டையோடு ஒரே கவரில் வையுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்கிறேன். நாய்க்கு மருத்துவக் காப்பீடு கொடுக்கிற கம்பெனிகள் இந்தியாவில் இருக்கின்றன. பெரும்பாலும் முதலில் நம் கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லும் அட்டையும் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். ஆரம்பத்தில் சில வாரம் எதுவும் கிடைக்காது, ஏற்கெனவே இருந்த நோய்க்குக் கிடைக்காது, ஊசி போடாமல் வந்த நோய்க்கும் கையை விரித்துவிடுவார்கள். பெரிய விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாய்க்கு யோசிக்கலாம். ஒரு நாட்டுக் குட்டிக்கு, அந்தப் பிரீமியத்தை மகன் கணக்கில் போடுவதே மேல்.

எவ்வளவு திட்டம் போட்டாலும் ஒருநாள் பணம் போதாமல் வரும். அன்றைக்கு டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: 'டாக்டர், என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதற்குள் முதலில் எதைச் செய்ய வேண்டும்?' மூன்று பரிசோதனை எழுதுகிற இடத்தில் மிகவும் தேவையான ஒன்றை மட்டும் எழுதலாம். அட்மிஷன் போட முடியாத பார்வோ குட்டிக்குத் தோலுக்கடியில் நீர் ஏற்றி, ஊசி போட்டு, காலையும் மாலையும் வரச் சொல்லிக் காப்பாற்ற முடியும். எல்லாக் குட்டிக்கும் முடியாது, பல குட்டிக்கு முடியும். கையில் இருக்கிறது தெரிந்தால்தான் எங்களால் அதற்கேற்ற வழியைப் பார்க்க முடியும். நான்காம் நாள் பில்லைப் பார்த்துச் சொன்னால் எங்கள் கையிலும் ஒன்றும் இருக்காது. பிழைக்க வழியில்லாமல் வலியில் கிடக்கிற நிலை வந்தால், கருணை ஊசியைப் பற்றியும் வெளிப்படையாகக் கேளுங்கள். அதைக் கேட்பது பாவம் இல்லை.

செலவை மிச்சம்பிடிக்க வீட்டு மாத்திரையை மட்டும் எடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் கல்லீரலைக் கெடுக்கும். வலிக்கு என்று கொடுக்கிற ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தை அடிக்கும். மாட்டுக்கு உண்ணி மருந்து வாங்கி மீந்ததை அளவு தெரியாமல் குட்டிமேல் பூசிவிட்டு, வாயில் நுரையோடு தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

எண்ணிச் செலவு செய்கிறவர்கள் நாய் வளர்க்கலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக வளர்க்கலாம். பெரிய வீட்டில் கூண்டுக்குள் அடைபட்டுத் தோலெல்லாம் புண்ணாகிக் கிடக்கிற விலை உயர்ந்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். ஓலைப் புரைக்கு முன்னால் பளபளவென்று, வருடம் தவறாமல் ஊசி போட்டுப் பதினான்கு வயது வாழ்ந்த நாட்டு நாய்களையும் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை: இவ்வளவுக்கும் உங்களால் முடியும் என்றால் நீங்கள் தகுதியானவர். விலை கேட்டுக் கூட்டிப் பார்த்தபின் முடியாது என்று தெரிந்தால், இந்த வருடம் வேண்டாம் என்று மகனிடம் காரணத்தோடு சொல்லுங்கள். அவனுக்குப் புரியும். ஒரு குட்டி சாவதைப் பார்த்த பிள்ளை அவன்.

கொண்டுவருவதாக முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. பார்வோ வைரஸ் நிழலும் ஈரமுமான மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். பழைய குட்டி படுத்த சாக்கு, தட்டு, பெல்ட் எதையும் திரும்ப எடுக்காதீர்கள்; எரித்துவிடுங்கள். சிமென்ட் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியபின், துணி வெளுக்கிற பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். மண் முற்றத்தை அப்படிச் செய்ய முடியாது. அதனால் புதுக் குட்டி கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகிறவரை அண்ணன் வீட்டிலேயே இருந்தால் எனக்கு நிம்மதி. அதுவரை அதன் ஊசிச் செலவும் மருந்துச் செலவும் உங்களுடையது என்று அண்ணனிடம் இப்போதே பேசிவிடுங்கள். உங்கள் முற்றத்தில் நடந்த செருப்போடு குட்டிகளிடம் போகாதீர்கள், மகனும் போகக் கூடாது. ஊசிக்குக் கொண்டுபோகும்போது ஒரு கூடையில் துண்டு விரித்து வைத்துக் கொண்டுபோங்கள். முறை வருகிறவரை மடியிலேயே இருக்கட்டும், கிளினிக் தரையில் மட்டும் இறக்கி விட்டுவிடாதீர்கள். நோய் வந்த குட்டிகள் எல்லாம் நடந்து போகிற தரை அது.